டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் பேரவைத் தம்பிகள் என்னிடம் கேட்டார்கள். எடிசன், ஐன்ஸ்டீன், சி.வி. ராமன் என்று ஒரு பட்டியலும் கையில் கொண்டு வந்திருந்தார்கள். இவர்களைப் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கு. நான் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, திண்டிவனத்தில் டீசல் பம்பு சர்வீஸ் கடையில் முப்பது வருஷமாய் கை அழுக்காக்கிக் கொண்டிருப்பவன். சொந்த ஊர் பிரம்மதேசம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறினால் நடுவில் வரும். எனக்குச் சோறு போடுகிறவரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். யார் அண்ணே அவர் என்று கேட்டார்கள். டீசல் என்றேன். சிரித்தார்கள்!

சிரிக்க வேண்டாம் தம்பிகளே. பெட்ரோல் என்பது ஒரு பொருளின் பெயர். டீசல் என்பது ஒரு ஆளின் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ருடால்ஃப், குடும்பப் பெயர் டீசல். அதுவுமில்லாமல் அவரும் உங்களைப் போல ஒரு பாலிடெக்னிக் மாணவர்தான். ஜெர்மனியில் மூனிக் நகரத்துப் பாலிடெக்னிக்கில் ஸ்காலர்ஷிப்பில் படித்தவர்.

ருடால்ஃப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்கிறவர், தோல் சாமான்களும் செய்து விற்பார். பெரிய வசதி ஒன்றும் கிடையாது. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மன் குடும்பங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் கப்பலேறி லண்டன் போனது. அங்கே பிழைப்புக்கே திண்டாட்டம். பன்னிரண்டு வயசுப் பையனைத் தனியாக ஆக்ஸ்பர்க் நகரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை எப்படிப் படிக்கும் என்று நம் ஊரில் தெரியாதவர் இல்லை. சோற்றுக்குப் பதில் மார்க்கு வாங்க வேண்டும்! பையன் வகுப்பில் முதல் ஆளாக வந்தான். பதினாலு வயசிலேயே இன்ஜினியர் ஆவது என்று முடிவு செய்து வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

மூனிக் பாலிடெக்னிக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. குளிர்சாதன இயந்திரத்தில் உலகப் புகழ் பெற்றவர். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் லிண்டே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்து நீராவி இன்ஜினில் எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வேலையாக மாறுவதில்லை, மீதி எல்லாம் வீண். கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் ஏட்டில் காட்டிய சுழற்சியில் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். இதை நடைமுறையில் செய்ய முடியுமா என்று ஆராய வேண்டும் என இருபது வயசு டீசல் தன் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். நாம் நோட்டு ஓரத்தில் எழுதுவது என்ன என்று உங்களுக்கே தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம்.

1879-ல் இறுதித் தேர்வு நேரத்தில் அவருக்கு டைபாய்டு. பரீட்சை எழுத முடியவில்லை. அடுத்த வாய்ப்பு வரும்வரை சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனியில் போய்ப் பட்டறை வேலை பார்த்தார். 1880 ஜனவரியில் திரும்பி வந்து தேர்வு எழுதினார். மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். லிண்டேயே தன் ஐஸ் கம்பெனி வேலைக்குப் பாரிஸுக்கு அனுப்பினார். பத்து வருஷத்துக்கு மேல் ஐஸ் இயந்திரம்தான் பிழைப்பு. 1883-ல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மகன், ஒரு மகள். பகலில் ஐஸ், ராத்திரியில் இன்ஜின். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் ஒன்றுக்குப் பல வருஷம் செலவழித்து, அது சரிவராமல் விட்டார்.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்த யோசனை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காற்றை அழுத்தினால் சூடாகும். அந்த அழுத்தத்தை முப்பது நாற்பது மடங்காக்கினால் உள்ளே இருக்கும் காற்றே நெருப்பாய்க் கொதிக்கும். அந்த நேரத்தில் எரிபொருளை உள்ளே விட்டால் தீக்குச்சியும் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். 1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு மனுப் போட்டார், 1893-ல் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை பட்டறை கொடுக்க முன்வந்தது. எஸ்ஸன் நகரத்து குருப் கம்பெனி ஆண்டுக்கு 30,000 மார்க் சம்பளம் தர ஒப்புக்கொண்டது.

யோசனை எல்லாம் சரி. அந்த எரிபொருளை உள்ளே விடுவது எப்படி? இங்கேதான் என் தொழில் ஆரம்பம்!

யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் காற்று முப்பது அட்மாஸ்பியருக்கு மேல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதை எதிர்த்து, அதைவிட அதிக அழுத்தத்தில், ஒரு துளி எண்ணெயை, சரியான நொடியில், பனி மாதிரி தூவ வேண்டும். ஒழுகக் கூடாது, முன்னே பின்னே ஆகக் கூடாது. டீசல் முதலில் நிலக்கரித் தூளைக் கூடக் கணக்கில் வைத்திருந்தார். காப்புரிமையில் அதுவும் இருக்கிறது. பவுடர் சிலிண்டருக்குள் போனால் அரத்தைப் போட்டு ராவினது மாதிரிதான். நல்ல வேளை, கடைசியில் எண்ணெய்க்கு வந்து சேர்ந்தார்.

1893 ஆகஸ்ட் 10-ம் தேதி முதல் சோதனை. பட்டறையின் ஓடுதண்டிலிருந்து பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்றவிட்டு எரிபொருளைச் செலுத்தினார்கள். டமார்! அழுத்தம் 80 அட்மாஸ்பியருக்கு எகிறி, அளக்கிற கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஊரில் வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். டீசலோ சந்தோஷப்பட்டார்! பற்றவைக்காமலே எரிபொருள் எரியும் என்பது நிரூபணம் ஆகிவிட்டதே. ஐந்து மாசம் உட்கார்ந்து மாற்றிச் செய்தார்.

1894 பிப்ரவரி 17. லிண்டர் என்ற மெக்கானிக் மேடை மேலே நிற்கிறார். பெல்ட்டைக் கவனிக்கிறார். அதுவரை ஓடுதண்டு இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பெல்ட்டின் இழுவை பக்கம் மாறுகிறது. இப்போது இன்ஜின்தான் ஓடுதண்டை இழுக்கிறது! லிண்டர் பேசவில்லை, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். டீசலுக்குப் புரிந்துவிட்டது. நிமிஷத்துக்கு 88 சுற்று, ஒரு நிமிஷம் ஓடியது, அவ்வளவுதான். இத்தனை வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் அந்த லிண்டர்தான். பெல்ட்டைப் பார்த்து இன்ஜின் உயிர் வந்ததைச் சொன்ன கண்ணு இருக்கே, அது எந்த யூனிவர்சிட்டியிலும் கிடைக்காது.

மூன்று வருஷம் கழித்து 1897 பிப்ரவரி 17-ல், மூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாக அளந்தார். ஒரே சிலிண்டர், 250 மி.மீ. விட்டம், 400 மி.மீ. ஸ்ட்ரோக். 154 சுற்றில் சுமார் 18 குதிரைசக்தி. வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி இன்ஜின் எட்டாத உயரம்! அந்த இன்ஜினை மூனிக்கில் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவில் பீர் கம்பெனி நடத்திய அடால்ஃபஸ் புஷ், அமெரிக்க உரிமையை மட்டும் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1898-ல் ஒரு கம்பெனி அமைத்து அவருடைய காப்புரிமைகளை 35 லட்சம் மார்க்குக்கு எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வயசில் கோடீஸ்வரர். மூனிக்கில் பங்களா.

இனிமேல்தான் கஷ்டம். லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகள் இன்ஜின் செய்தன, விற்றன. விற்றவை நின்றன! கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டி ஆலைக்கு 1898-ல் அறுபது குதிரைசக்தி இன்ஜின் போனது. அங்கே கோளாறு மேல் கோளாறு. இன்ஜின் தத்துவத்தில் தப்பில்லை. எரிபொருள் வழியில்தான் தப்பு. டீசலின் முறைப்படி எண்ணெயைத் தூவுவதற்கு அறுபது எழுபது அட்மாஸ்பியர் காற்று வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர், தொட்டிகள், குழாய்கள். தூவுகிற இடத்தில் இருந்த வலை அடைத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் மக்கர் பண்ணும். பட்டறையில் டீசல் பக்கத்தில் நின்றால் ஓடும். வாங்கினவன் வீட்டில் அவர் இல்லை. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரிலேயே தொடங்கிய தொழிற்சாலை செய்த இன்ஜின்கள் திரும்பி வந்தன, அந்தத் தொழிற்சாலை எழவே இல்லை. லௌஸ்டர் என்ற ஆக்ஸ்பர்க் இன்ஜினியர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துதான் இன்ஜினின் மானத்தைக் காப்பாற்றினார். இந்தக் காலத்தில் டீசலுக்கு நரம்புத் தளர்ச்சி, தலைவலி. மருத்துவ விடுதியில் சேர்க்கும் அளவுக்குப் போனது.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு நம்ம பக்கத்துக்கு வருகிறேன். ஏனென்றால் 1898-ல் கெம்ப்டனில் நடந்தது இன்றைக்கும் மரக்காணம் உப்பளத்தில் நடக்கிறது. டீசல் இன்ஜின் நின்றால், பத்துக்கு எட்டு தடவை இன்ஜின் நிற்பதில்லை. டீசல் வந்து சேரவில்லை. இது என் முப்பது வருஷக் கணக்கு.

எங்கள் பக்கத்து மண் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கழுவெளி, ஒரு பக்கம் உப்புப் பாத்தி, அப்புறம் கடல். வெயில் காலத்தில் பாத்தி வரப்பு மேல் ஜீப் ஓடும். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அதே வரப்பு சேறு. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப் இல்லாமல் அந்த உள்ளடங்கின இடங்களுக்குப் போக முடியாது. சஹாராவுக்கும் லடாக்குக்கும் போகிறவர்கள்தான் தொலைதூரப் பயணம் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மழை ராத்திரியில் பாத்திக்கு நடுவே வண்டி நின்றால் மெயின் ரோடு நாலு கிலோமீட்டர்தான், ஆனால் லடாக் தூரம்!

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த அந்த ராத்திரி. உப்பளத்து ஓரக் குடிசைகளிலிருந்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர ஒரு பழைய ஜீப் போனது. கூட நானும் போனேன். முதல் நடை சரியாக வந்தது. இரண்டாவது நடையில் வண்டிக்குள் ஒன்பது பேர். ஒரு நிறைமாசக்காரப் பொண்ணு, இரண்டு கைக்குழந்தை. நடுவழியில் இன்ஜின் இரண்டு தடவை இழுத்தது, குலுங்கியது, நின்றுபோச்சு. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. தண்ணி முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பானட்டைத் திறந்து வாட்டர் செப்பரேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு வாட்டர் பாட்டிலில் பிடித்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணி, மேலே மெல்லிசா டீசல். டிரைவரைக் கேட்டேன். அன்று சாயந்தரம் ஷெட்டில் இருந்த டிரம்மிலிருந்து இருபது லிட்டர் ஊற்றினாராம். அந்த டிரம் மழையில் நேராக நிறுத்தி வைத்திருந்தது. டிரம்மின் மேல் தகட்டில் விளிம்பு உண்டல்லவா, அதில் மழைத் தண்ணி தேங்கும். ராத்திரி குளிரில் உள்ளே டீசல் சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் டீசலுக்குள் இருக்கும்படி வைத்திருந்தால் ஒரு சொட்டு இறங்கியிருக்காது.

தண்ணி போய் டீசல் வரும்வரை வடித்தேன். ஃபில்டரையும் கழற்றி மாற்றினேன், நல்ல காலம் சீட்டுக்கு அடியில் புதுசு ஒன்று இருந்தது. அப்புறம் ஏர் எடுத்தேன். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை பிரைமரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி வரும், அப்புறம் சுத்தமாய் டீசல் வரும். அடித்துக்கொண்டே ஸ்குரூவை மூட வேண்டும். அடுத்து பம்பில் அதே வேலை. கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொன்னேன், நட்டில் டீசல் கசிந்ததும் இறுக்கினேன். இருபத்தைந்து நிமிஷம். பிடித்துக்கொண்டது! அந்தப் பொண்ணுக்கு மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. பேரு ருடால்ஃப் இல்லை, கார்த்திக்.

இந்த ஏர் எடுக்கிற வேலையில் ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டர் முனையில் தூவுகிற டீசலுக்கு எதிரே விரலை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கும்படி ஆகும். புது காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை. அதில் உயர் அழுத்தக் குழாயின் நட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது. பழைய பம்பு வண்டியில் செய்கிற வேலையை அங்கே செய்தால் ஆளுக்கே ஆபத்து.

தண்ணிக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். உங்கள் தலைமுடி சுமார் 70 மைக்ரான். முடியை நீளவாக்கில் இருபதாய்க் கிழித்தால் வருகிற பருமனில்தான் அந்த இடுக்கு. அங்கே எண்ணெய் போடத் தனி வழி கிடையாது, ஓடுகிற டீசலே எண்ணெய். அதில் தண்ணி, அதுவும் உப்புக் காற்று பட்ட தண்ணி போனால் ஒரு வாரத்தில் துரு. பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் கலந்த டீசலும் இதே கேடுதான், வழவழப்பு போய்த் தேயும். மலிவாய்க் கிடைக்கிறதே என்று வழியில் கேனில் விற்பதை வாங்கி ஊற்றின வண்டிகளை நான் எத்தனையோ பிரித்திருக்கிறேன்.

உப்பளப் பக்கத்தில் டேங்கைப் பாதியில் வைத்து ராத்திரி நிறுத்தக் கூடாது. காலியான பாதியில் ஈரக்காற்று இருக்கும், விடியற்காலைக் குளிரில் டேங்கின் உள்சுவரில் முத்து முத்தாய்த் தண்ணி கட்டும். தண்ணி டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். சாயந்தரமே டேங்கை நிரப்பிவிட்டால் தீர்ந்தது. காலையில் செல்ஃப் அடிக்கும் முன்பு செப்பரேட்டரைக் கொஞ்சம் வடித்துப் பார்த்துவிட வேண்டும், முதலில் வருவது தண்ணிதான். பல மாசம் ஓடாமல் நின்ற வண்டியில் இன்னொரு வம்பு. தண்ணியும் டீசலும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து கறுப்புப் பாசியாய் வரும். ஃபில்டரைத் தொட்டால் சளி மாதிரி இருந்தால் அதுதான். ஃபில்டரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

உள்ளடங்கின இடத்துக்குப் போகிறவன் பையில் என்ன இருக்க வேண்டும்? இரண்டு ஃபில்டர். ஒன்று போதாது, ஏனென்றால் கெட்ட டீசல் முதல் ஃபில்டரை அடைத்த பிறகும் டேங்கில் இன்னும் கெட்ட டீசல்தானே இருக்கும்! ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், நாலு கிளிப், ஒரு கை காப்பர் வாஷர். பன்ஜோ போல்ட்டைக் கழற்றினால் பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், அங்கேதான் காற்று இழுக்கும். டீசல் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ள ஓட்டை ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்கும். வெளியே பார்த்தால் காய்ந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜான் கண்ணாடி மாதிரிக் குழாயை நடுவில் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் பின்னால் எங்கேயோ ஓட்டை. கேனிலிருந்து ஊற்றும்போது புனலில் நெருக்கமான வலை. கேனின் அடியில் கடைசி இரண்டு அங்குலத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். கஞ்சத்தனம் பண்ண வேண்டிய இடம் அது இல்லை.

சரி, டீசலை நடுவழியில் விட்டுவிட்டேன். திரும்பிப் போவோம்.

1900-ம் ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி. டீசல் இன்ஜினுக்கு முதல் பரிசு. அங்கே பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பப்படி ஒரு சின்ன டீசல் இன்ஜினை எந்த எண்ணெயில் ஓட்டினார்கள் தெரியுமா? மல்லாட்டை எண்ணெய்! நாம் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்கிற அதே நிலக்கடலைதான். வந்தவர்கள் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். பெட்ரோலியம் கிடைக்காத வெப்ப நாடுகளில் அங்கேயே விளைகிற எண்ணெயில் இன்ஜின் ஓடட்டும் என்பது யோசனை. டீசலுக்கு அந்த யோசனையில் கடைசிவரை ஆர்வம் இருந்தது, 1912-ல் கூட அதைப் பற்றி எழுதினார். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது. அதற்காக வீட்டு எண்ணெயை ஜீப்பில் ஊற்றிவிடாதீர்கள். கெட்டியான எண்ணெய் நாசிலில் கரி கட்டும், ஃபில்டரைக் கூழாக்கும்.

பெரிய இன்ஜின்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 1903-ல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பல் டீசலில் ஓடியது. 1912-ல் செலாண்டியா என்ற பெரிய கப்பல் கடல் கடந்து போனது. என்னை மயிர்க்கூச்செறிய வைப்பது ஃபிராம்! அமுண்ட்சென் தென்துருவத்துக்குப் போன கப்பல். 1910-ல் அதன் நீராவி இன்ஜினை எடுத்துவிட்டு 180 குதிரைசக்தி டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத பனிக்கடலுக்கு அந்த இன்ஜினை நம்பிப் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். கெம்ப்டனில் தீப்பெட்டி ஆலையில் நின்றுபோன இன்ஜின் பன்னிரண்டு வருஷத்தில் எங்கே போய்விட்டது பாருங்கள்.

இன்ஜின் ஏறிக்கொண்டிருந்தது, மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார். வந்த பணத்தை எண்ணெய்க் கிணற்றிலும் மூனிக் நிலத்திலும் போட்டார், இரண்டும் கைவிட்டன. காப்புரிமைக்கு எதிராக வழக்குகள். இங்கிலாந்தின் அக்ராய்டு ஸ்டூவர்ட் 1890-லேயே எண்ணெய் இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியவர் என்று ஒரு கட்சி. 1913-ல் லூடர்ஸ் என்ற ஜெர்மன் பேராசிரியர், டீசல் சொன்னது ஒன்று, கடைசியில் ஓடியது வேறு என்று ஒரு புத்தகமே எழுதினார். அதில் பாதி உண்மையும் உண்டு. முதல் காப்புரிமையில் அவர் சொன்ன மாதிரியே இன்ஜின் ஓடவில்லை, செய்யச் செய்ய மாற்றினார். ஆனால் பட்டறையில் எந்த வேலை முதல் வரைபடத்தின்படியே முடிந்திருக்கிறது? லூடர்ஸ் ஒரு பம்பையாவது கழற்றி மாட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. 1903-ல் டீசல் ஒரு சமுதாயப் புத்தகம் எழுதினார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தாங்களே ஆலைகளுக்குச் சொந்தக்காரர் ஆவது பற்றியது. தன் இன்ஜினும் சின்னத் தொழிலாளியைப் பெரிய முதலாளியின் நீராவியிலிருந்து காப்பாற்றும் என்று அவர் நம்பியிருந்தார். புத்தகம் விற்கவே இல்லை. இன்ஜினும் பெரிய முதலாளிகளிடம்தான் போய்ச் சேர்ந்தது.

1913 செப்டம்பர் 29-ம் தேதி மாலை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் தன் இன்ஜின் கம்பெனி வேலையாகப் பயணம். கூட இரண்டு பேர். மூவரும் சாப்பிட்டார்கள், மேல்தளத்தில் உலாவினார்கள். ராத்திரி பத்து மணிக்கு அறைக்குப் போனார். காலை ஆறேகாலுக்கு எழுப்பும்படி பணியாளிடம் சொல்லியிருந்தார். எழுப்பப் போனால் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் பின்தளத்துக் கம்பி ஓரத்தில் மடித்து வைத்தபடி இருந்தன. டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி.

பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். மோசமாய்ச் சிதைந்திருந்ததால் சட்டைப் பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பா, பர்ஸ், பேனாக்கத்தி, கண்ணாடிக்கூடு. மகன் ஆய்கன் வந்து பார்த்து அப்பாவுடையது என்றார். பயணத்துக்கு முன்பு மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். அதில் கொஞ்சம் ரொக்கமும், பாங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. எண்ணெய் முதலாளிகள் தள்ளிவிட்டார்கள், உளவாளிகள் கடத்தினார்கள் என்று பல கதைகள் இன்றைக்கும் ஓடுகின்றன. எனக்கு அந்தப் பை ஒன்றே போதும். வயசு 55.

அப்போதும் டீசல் இன்ஜின் கப்பலுக்கும் ஆலைக்கும்தான். அந்த ஏர் கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டு எந்த லாரி ஓடும்? காற்று இல்லாமல் எண்ணெயை மட்டும் அழுத்தித் தூவுகிற, கையில் தூக்கக்கூடிய ஒரு பம்பு வேண்டியிருந்தது. ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் 1922-ல் அந்த வேலையைக் கையில் எடுத்தார். பிளஞ்சரில் சாய்வாய் ஒரு வெட்டு, அதைத் திருப்பினால் டீசலின் அளவு கூடும் குறையும். 1927-ல் அந்தப் பம்பு தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவந்தது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற கார் டீசலில் ஓடியது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி தொடங்கியது. அங்கே செய்த பம்புகள்தான் நம் ஊர் லாரி, டிராக்டர், ஜீப் எல்லாவற்றிலும் ஏறின. 2008-ல் அதற்கு பாஷ் என்றே பெயர் மாறிவிட்டது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் இன்னும் மைக்கோ பம்பு என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த ஃபெஞ்சல் ராத்திரி ஜீப்பின் பம்பை மறுவாரம் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். நாலு பிளஞ்சரில் மூன்று சுத்தம். நாலாவதில் நகத்தளவு துரு. தண்ணி போன அன்றைக்கே வடித்து ஓட்டியதால் தப்பியது. அந்த ஒன்றை மட்டும் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நாலுக்கும் டீசல் சமமாய் விழுகிறதா என்று அளந்து அனுப்பினேன். டிரம்மும் இப்போது படுத்துக்கொண்டிருக்கிறது.